பாறையில் படிந்த உலோகம் எதற்குச் சாட்சி?

யாரும் கண்ணால் காணாத ஒரு நிகழ்ச்சியின் காரணத்தை அறிய முடியுமா என்னும் வினா, அளவை நூல்கள் எழுந்த காலந்தொட்டே இந்தியத் தத்துவ மரபில் வாதிக்கப்பட்டு வருவதாகும். காட்சி ஒன்றையே அறிவின் வாயிலாக ஏற்ற உலகாயதர், கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றி எவ்வளவு நுட்பமாகக் கருதினாலும் அது ஊகமாக நிற்குமே தவிர உறுதியான அறிவாகாது என்றனர். அவர்களை மறுத்த நையாயிகரும் பௌத்தரும் சைவ சித்தாந்திகளும், தம்முள் எத்தனை முரண்பட்டிருந்தாலும், காட்சிக்கு எட்டாததைக் கருதல் அளவையால், அதாவது அனுமானத்தால், அறியலாம் என்பதில் ஒருமித்திருந்தனர். மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பகுத்துரைக்கிறார், அவற்றுள் எச்சம் என்பது விளைவைக் கொண்டு காரணத்தைத் துணிவதாகும், ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்திருக்கிறது என்று கூறுவது அதற்குக் காட்டப்படும் சான்று.

இவ்வகை அனுமானம் எதிர்கொண்ட மிகக் கடினமான சோதனைகளுள் ஒன்று, உயிரினங்கள் பெருந்திரளாக அற்றுப்போன காலங்களின் காரணத்தைத் தேடும் நிலவியல் ஆய்வு. கடந்த 54 கோடி ஆண்டுகளில் அத்தகைய பேரழிவுகள் ஐந்து முறை நேர்ந்தன என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. ஓர் உயிரினத்தின் எலும்போ ஓடோ குறிப்பிட்ட அடுக்குக்கு மேல் காணப்படாமற் போவது அது அழிந்தது என்பதைக் காட்டுமேயன்றி, எதனால் அழிந்தது என்பதைக் காட்டாது. ஆகவே ஆய்வாளர்கள் உயிரெச்சங்களை விட்டு, அவை கிடக்கும் களிமண்ணிலும் சுண்ணாம்புக்கல்லிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில் கலந்துள்ள உலோகங்களை நோக்கித் திரும்பினர். சுவட்டு உலோகங்கள் எனப்படும் இவை கண்ணுக்குத் தெரியாதவை, நிறத்தாலும் எடையாலும் பாறையில் எவ்வித மாற்றத்தையும் காட்டாதவை. அவற்றைச் சாட்சியாக நிறுத்தும்போது எதைப் பற்றிக் கேட்கலாம், எதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது வேதியியலார் மட்டும் தீர்த்துவிடக்கூடிய வினா அன்று.

இத்தாலியில் குப்பியோ என்னும் பழைய நகருக்கு அருகே, பொத்தச்சோனே பள்ளத்தாக்கின் சாலையோரத்தில், இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தடிப்புள்ள களிமண் இழை ஒன்று செல்கிறது. அதன் அடிப்பாகம் சாம்பல் நிறம், மேற்பாகம் செந்நிறம். அவ்விழைக்குக் கீழே உள்ள கல்லில் ஃபொராமினிஃபெரா எனப்படும் ஓரணுக் கடலுயிர்களின் ஓடுகள் மணற்பரல் அளவில், கைவில்லையால் பார்த்தாலே தெரியும்படி நிறைந்திருக்கின்றன. மேலே உள்ள கல்லில் அவை ஏறக்குறைய முற்றாக மறைந்து, மிகச் சிறிய சில இனங்கள் மட்டும் எஞ்சுகின்றன. இது கிரிட்டேசியஸ் காலம் முடிந்து பேலியோஜீன் காலம் தொடங்கும் எல்லை, இன்றைக்கு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பறவைகளாக எஞ்சிய கிளையைத் தவிர ஏனைய டைனோசர்கள் மறைந்தது இவ்வெல்லையில்தான்.

நிலவியலாளர் வால்டர் ஆல்வரஸ் இக்களிமண் படிய எவ்வளவு காலம் பிடித்தது என்று அறிய விரும்பினார். அவருடைய தந்தையும் 1968ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவருமான லூயிஸ் ஆல்வரஸ் அதற்கு இரிடியத்தை அளக்கும் வழியைச் சொன்னார். பூமி உருகிய நிலையில் இருந்தபோது இரிடியம் இரும்போடு சேர்ந்து மையத்துக்கு அமிழ்ந்துவிட்டதால் மேலோட்டில் அது மிக அரிது. அவ்வாறு பிரிந்து அமிழாத விண்கற்களிலோ பன்மடங்கு மிகுதி. விண்கல் தூசி ஆண்டுதோறும் சீராகப் பொழிகிறது என்று கொண்டால், களிமண்ணில் உள்ள இரிடியத்தின் அளவே அது படிந்த காலத்தைச் சொல்லிவிடும் என்பது எண்ணம். பெர்க்லி ஆய்வகத்தில் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மைக்கேலும் மாதிரிகளை அணு உலையில் வைத்து நியூட்ரான்களுக்கு உட்படுத்தினர். அவ்வாறு செய்கையில் இரிடியம் அணுக்களுள் சில நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கம் பெறுகின்றன. அவை வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் இரிடியத்துக்கே உரியது என்பதால், கதிர்களை எண்ணினால் உலோகத்தின் அளவு கிடைத்துவிடும். கிடைத்த அளவு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்காக இருந்தது. குப்பியோவில் சுற்றுப்புறப் பாறையைப் போல் 30 மடங்கும், டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்ட் கடற்பாறையில் 160 மடங்கும், நியூசிலாந்தில் 20 மடங்கும் இரிடியம் இருப்பதை 1980 ஜூனில் ‘சயன்ஸ்’ இதழில் நால்வரும் அறிவித்தனர். ஒரே சீராகப் பொழியும் தூசியால் இவ்வளவு சேராது. எனவே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் விட்டமுள்ள சிறுகோள் ஒன்று பூமியில் மோதியது என்பது அவர்கள் துணிபு. அதே காலத்தில் யான் ஸ்மிட் என்னும் டச்சு ஆய்வாளரும் ஸ்பெயினின் கரவாக்கா என்ற ஊரிலிருந்து எடுத்த களிமண்ணைக் கொண்டு தனிவழியில் இம்முடிவை நெருங்கியிருந்தார்.

இத்துணிபுக்கு வருமுன் அவர்கள் விலக்கிய ஒரு மாற்றுக் காரணமே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அருகிலிருந்த ஒரு பெரும் விண்மீன் வெடித்துச் சிதறியிருந்தாலும் இரிடியம் பூமியில் பொழிந்திருக்கலாம். ஆனால் அவ்வெடிப்பு, பாதி சிதைய ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் ஆகும் புளூட்டோனியம்-244 என்னும் தனிமத்தையும் உடன் தந்திருக்க வேண்டும், 6.6 கோடி ஆண்டுகளில் அது முழுவதும் மறைந்திருக்க வழியில்லை. முதல் சோதனையில் அது இருப்பதாகவே தோன்றியது. புதிய மாதிரியை எடுத்து மறுபடி சோதித்தபோது முன்னர்க் கண்டது ஆய்வகத்தில் கலந்த மாசு என்று தெரிந்தது. விண்மீன் வெடிப்பு என்ற கருத்து கைவிடப்பட்டது. இரு காரணங்களும் இரிடியத்தைத் தரும் என்ற அளவில் இரிடியம் அவற்றுக்கிடையே எதையும் தீர்க்கவில்லை. ஒன்று மட்டுமே தரக்கூடிய இன்னொரு பொருளின் இன்மையே தீர்த்தது.

இதே சிக்கலை நியாய சூத்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்தில் எழுப்பி விடை காண்கிறது. எதிர்வாதி கூறுகிறார்: ஆறு பெருகுவது மழையாலும் ஆகலாம், கீழே எங்கோ நீர் அடைபட்டதாலும் ஆகலாம், எறும்புகள் முட்டையைத் தூக்கிச் செல்வது மழை வருவதாலும் ஆகலாம், புற்று சிதைந்ததாலும் ஆகலாம், மயில் அகவலாகக் கேட்பது மனிதன் ஒருவன் போலியாக எழுப்பிய குரலாகவும் இருக்கலாம், ஆதலால் அனுமானம் அளவையாகாது. சூத்திரகாரரும் உரையாசிரியர் வாத்ஸ்யாயனரும் தரும் விடை, அனுமானத்தைக் காப்பதோடு அதைத் திருத்தவும் செய்கிறது. வெறுமனே நீர் உயர்வது ஏது அன்று. கடுகி ஓடும் நீரோட்டமும் நுரையும், அடித்துவரப்படும் காய்களும் இலைகளும் மரக்கட்டைகளும் சேர்ந்த வெள்ளமே மழைக்கு ஏது. அடைபட்ட நீர் இவற்றைக் கொண்டு வராது. பிழை அனுமானத்தில் இல்லை, ஏதுவைக் குறைபட வரையறுத்ததில் இருக்கிறது. ஏதுவும் அதனால் துணியப்படுவதும் ஒன்றை விட்டு ஒன்று நீங்காமல் இயைந்திருப்பதை வடமொழித் தருக்க நூல்கள் வியாப்தி என்கின்றன; அந்த இயைபு பிறழும் இடம் ஒன்று காட்டப்பட்டால், இயைபைக் கைவிடுவதற்கு முன் ஏதுவின் விவரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நெறி.

1980களில் இரிடியம் பற்றி நடந்த வாதம், யாரும் அறிந்து செய்யாமலேயே, இந்த நெறியில் சென்றது. 1983 ஜனவரியில் ஹவாயின் கிலவெயா எரிமலை வெளியிட்ட துகள்களில் இரிடியம் செறிந்திருப்பது கண்டறியப்பட்டது. நீர் அடைபட்டும் ஆறு பெருகும் என்பதற்கு ஒப்பான பிறழ்ச்சி அது. இந்தியாவின் தக்காணத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் எரிமலைக் குழம்பு பெருவெள்ளமாக ஓடி உறைந்திருப்பதைச் சுட்டி, சார்லஸ் ஆஃபிசர், சார்லஸ் டிரேக் ஆகியோர் அழிவுக்கு எரிமலையே காரணம் என்று வாதிட்டனர். மோதற் கொள்கையினர் இரிடியத்தை மட்டும் பற்றிக்கொண்டிருந்தால் வாதம் அங்கே நின்றிருக்கும். ஆனால் 1984இல் அமெரிக்காவின் மொன்டானாவில் அதே எல்லைக் களிமண்ணிலிருந்து, கடும் அதிர்வழுத்தத்தால் மட்டுமே ஏற்படும் குறுக்குநெடுக்கான நுண்தளங்கள் கொண்ட குவார்ட்ஸ் மணிகள் கிடைத்தன. உருகித் தெறித்து உருண்டையாக உறைந்த நுண்மணிகள் பல கண்டங்களில் கிடைத்தன. மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் சிக்சுலுப் என்னுமிடத்தில் புதையுண்டு கிடந்த ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம், எண்ணெய் தேடியவர்களால் முன்னரே அளவிடப்பட்டிருந்தும், 1991இல்தான் அம்மோதலின் தடம் என்று அறிவிக்கப்பட்டது. 1998இல் டென்மார்க் களிமண்ணிலிருந்த குரோமியத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின் விகிதம், கார்பன் மிகுந்த ஒருவகை விண்கல்லின் விகிதத்தோடு ஒத்திருப்பது காட்டப்பட்டது. நுரையும் இலையும் மரக்கட்டையும் வந்து சேர்ந்தன என்றே இதைச் சொல்ல வேண்டும். தக்காண எரிமலைகளுக்கு அழிவில் பங்கே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. அவ்வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் மோதல் நிகழ்ந்ததா என்ற வினா முடிந்துவிட்டது.

அமெரிக்கத் தத்துவவாதி கேரல் கிளிலண்ட், இறந்தகாலத்தை ஆராயும் அறிவியல் ஆய்வகச் சோதனை செய்யும் அறிவியலைவிடத் தாழ்ந்ததன்று என்பதற்கு 2001, 2002ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இவ்வாய்வையே முதன்மைச் சான்றாகக் கொண்டார். ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்தபின் பல தடயங்களை விட்டுச் செல்கிறது; அவற்றுள் ஒரு சிறு பகுதி கிடைத்தாலும் நிகழ்ச்சியைத் துணியலாம்; போட்டியிடும் கொள்கைகளுள் ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் தடயத்தைத் தேடுவதே இத்துறையின் முறை என்பது அவர் கருத்து. எலியட் சோபர் போன்றோர் இதற்கு ஒரு வரம்பு இட்டனர்: காலம் தடயங்களை அழிக்கவும் செய்கிறது; எந்தத் தடயம் எஞ்சும் என்பதற்கு முன்கூட்டிய உத்தரவாதம் எதுவும் இல்லை. இவ்வரம்பை மெய்ப்பிப்பது போல நிற்பது, இரிடியக் கதையைவிடப் பழையதும் கொடியதுமான மற்றோர் அழிவு.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் இறுதியில் கடலுயிர் இனங்களுள் மிகப் பெரும்பான்மை அழிந்தன. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் மெய்ஷான் கற்சுரங்கத்தில் இவ்வெல்லை மிகத் தெளிவாகப் பதிந்துள்ளது; அங்குள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் படிகங்களைக் கொண்டு கணித்ததில் அழிவு நடந்த காலம் ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் என்று 2014இல் கூறப்பட்டது. குப்பியோவின் வெற்றிக்குப் பின் இங்கும் இரிடியம் தேடப்பட்டது. சீனாவிலிருந்து முதலில் வந்த செய்திகளைப் பிற ஆய்வகங்கள் உறுதிசெய்யவில்லை. விண்கல் மோதலை நாட்ட முன்வைக்கப்பட்ட வேறு சான்றுகளும் நிலைக்கவில்லை. ஒருமுறை வென்ற ஏது எங்கும் வெல்லும் என்று எதிர்பார்ப்பது ஆய்வாளருக்கும் பக்தருக்கும் ஒருங்கே உரிய பலவீனம் போலும்.

மெய்ஷானில் பேசும் உலோகம் பாதரசம். எரிமலை வாயுவில் பாதரசம் ஆவியாகக் கலந்து வெளிவருகிறது. பல மாதங்கள் வளிமண்டலத்தில் தங்கி உலகெங்கும் பரவுகிறது. பின்னர் மழையோடு இறங்கிக் கரிமப் பொருளோடு பிணைந்து கடற்சேற்றில் அமிழ்கிறது. சைபீரியாவில் அக்காலத்தில் பெருகிய எரிமலைக் குழம்பின் சுவடு கனடாவின் ஆர்க்டிக் பகுதிப் பாறைகளில் பாதரசச் செறிவாகத் தெரிகிறது என்று 2012இல் ஓர் ஆய்வுக் குழு கூறியபின், இம்முறை பல அழிவு எல்லைகளுக்கும் விரிந்தது. ஆனால் பாதரசம் இரிடியத்தைப் போல் எளிய சாட்சி அன்று. கரிமப் பொருள் மிகுந்த சேறு எரிமலை இல்லாமலே மிகுதியான பாதரசத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதால், பாதரசத்தைக் கரிமத்தின் அளவால் வகுத்துப் பார்க்கின்றனர். கரிமம் மிகக் குறைந்த பாறையிலோ வகுக்கும் எண் சிறிதாவதால் ஈவு பொய்யாக உயர்ந்துவிடுகிறது. அதனினும் ஆழமான சிக்கல் வேறொன்று. மண்ணிலும் தாவரங்களிலும் சேர்ந்திருந்த பாதரசம், காடு எரிந்தாலோ அழிந்தாலோ, வேரற்ற நிலம் அரித்துச் செல்லப்பட்டாலோ கடலுக்கு வந்து சேரும். நிலத்தின் உயிர்த்தொகுதி சரிந்ததே பெர்மியன் எல்லையின் பாதரச உயர்வுக்குப் பெரும் பங்களித்தது என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு வாதிடுகிறது. அப்படியானால் காரணத்தின் சுவடு என்று எண்ணப்பட்டது விளைவின் சுவடாகவும் இருக்கலாம்: கொன்றவனின் காலடி என்று கொண்டது இறந்தவன் விழுந்த தடமாக மாறிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரிக்க, ஒற்றை எண் நிறையுள்ள பாதரச ஐசோடோப்புகள் ஒளிவேதி மாற்றங்களில் தனித்து விலகும் இயல்பைப் பயன்படுத்துகின்றனர். எரிமலையிலிருந்து நேரே வந்த பாதரசத்தில் அவ்விலகல் ஏறக்குறைய இல்லை, நிலத் தாவரங்கள் வழி வந்ததில் அது எதிர்மறை, வளிமண்டலத்தின் வழி கடலில் இறங்கியதில் நேர்மறை. ஏதுவின் விவரத்தைக் கூட்டும் பணி இங்கு இன்னும் முடியவில்லை.

நிக்கலின் கதையும் இங்கே சேர்கிறது. மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் நொதிக்கு நிக்கல் இன்றியமையாதது. சைபீரிய எரிமலைப் பகுதியின் நொரில்ஸ்க் இன்றும் உலகின் பெரிய நிக்கல் சுரங்கங்களுள் ஒன்று. எரிமலை தந்த நிக்கலால் அந்நுண்ணுயிர்கள் கடலில் பல்கிப் பெருகி வளிமண்டலத்தையே மாற்றின என்று 2014இல் டேனியல் ராத்மன் முதலானோர் முன்வைத்தனர். கருத்து அழகானது. எனினும் பாறையில் நிக்கல் மிகுந்திருப்பது உணவு இருந்ததைக் காட்டும், உண்டவரைக் காட்டாது.

இதுவரை கண்டவை காரணத்திடமிருந்து நேரே வந்து படிந்த உலோகங்கள். மாலிப்டினம், யுரேனியம், தாலியம் ஆகியவை வேறு வகையின. இவை எங்கிருந்தோ வந்து விழுந்ததால் அல்ல, கடல் எந்நிலையில் இருந்தது என்பதால் பாறையில் பதிகின்றன. உயிர்வளி நிறைந்த கடல்நீரில் மாலிப்டினம் கரைந்தே கிடக்கும். உயிர்வளி அற்று ஹைட்ரஜன் சல்பைடு பரவிய நீரில் வேதிவடிவம் மாறிச் சேற்றில் இறங்கிவிடும். தாலியத்தின் போக்கு இன்னும் நுட்பமானது. உயிர்வளி உள்ள கடலடியில் மாங்கனீஸ் ஆக்சைடு படியும்போது தாலியத்தின் கனமான ஐசோடோப்பை அது தேர்ந்து பற்றிக்கொள்கிறது; உயிர்வளி குறையத் தொடங்கியதும் அவ்வாக்சைடு படிவது குறைந்து, கடல்நீரில் எஞ்சும் தாலியத்தின் விகிதமே மாறிவிடுகிறது; அம்மாற்றம் கரையோரச் சேற்றில் பதிகிறது. ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஓர் அழிவை இவ்வழியில் ஆராய்ந்தவர்கள், கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் ஜெர்மனியிலும் எடுத்த பாறைகளைக் கொண்டு, கடல் உயிர்வளி இழக்கத் தொடங்கியது அதுவரை நம்பப்பட்டதற்கு ஏறத்தாழ 6 லட்சம் ஆண்டுகள் முன்னதாகவே என்று 2018இல் காட்டினர். அழிவின் தொடக்கமும் அதனோடு பொருந்தியது. இங்கே அறியப்படுவது ஒரு நிகழாமை, அதாவது ஆக்சைடு படியாமை. இன்மையை அறியத் தனி அளவை வேண்டும் என்று பாட்ட மீமாம்சகர் வாதிட்டதும், அது காட்சியிலும் கருதலிலும் அடங்கும் என்று பிறர் மறுத்ததும் நினைவுக்கு வரத்தக்கவை; தாலியம் இரண்டாம் கட்சிக்கே துணை நிற்கிறது, ஏனெனில் இன்மை இங்கே உள்ள ஒன்றின் விகிதத்திலிருந்து கருதப்படுகிறதே தவிரத் தனியாக அறியப்படவில்லை.

உலோகமே சாட்சியாகவும் குற்றவாளியாகவும் நிற்கும் இடமும் உண்டு. லிபியாவில் தோண்டிய கிணறு ஒன்றின் பாறையிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகள் பழமையான நுண்ணிய மிதவையுயிர் எச்சங்களுள் உருக்குலைந்து வளர்ந்தவை மிகுந்திருப்பதையும், அவற்றில் ஈயம், ஆர்செனிக் முதலியவை செறிந்திருப்பதையும் 2015இல் ஓர் ஆய்வு அறிவித்தது. உயிர்வளி குறைந்த நீர் நச்சு உலோகங்களைக் கரைத்துப் பரப்பியிருக்கலாம் என்பது அதன் கருத்து.

உலோகங்கள் இவ்வளவு சொன்ன பின்னும், எதற்குக் காரணம் தேடப்படுகிறது என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சைவ சித்தாந்தம் ஒரு பானைக்கு மண்ணை முதற்காரணம் என்றும், தண்டையும் சக்கரத்தையும் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பகுக்கும். அவ்வாறு பார்த்தால் இரிடியம் காட்டுவது ஒரு மோதல் நடந்ததை மட்டுமே. மோதல் உயிர்களைக் கொன்றது என்பதற்கு அழிவும் மோதலும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்று முதலில் நாட்ட வேண்டும். அதுவும் எளிதன்று, அரிதாகக் கிடைக்கும் உயிரினத்தின் கடைசி எச்சம் உண்மையான அழிவுக்கு மிக முன்னதாகவே அகப்படும் என்பதால், திடீர் அழிவும் படிப்படியான அழிவாகத் தோன்றும். ஸ்பெயினின் சுமையா கடற்பாறையில் பீட்டர் வார்டு முதலில் தேடியபோது அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடுடைய கணவாய் இனங்கள், எல்லைக்குப் பல மீட்டர் கீழேயே நின்றுவிட்டதாகத் தெரிந்தது. அருகிலுள்ள பிற இடங்களில் மேலும் தேடியபின் அவை எல்லை வரை வந்தது தெரிந்தது.

உடனிகழ்ச்சி நாட்டப்பட்ட பின்னும், யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதற்கு உலோகத்திடம் விடை இல்லை. அம்மோனைட்டுகள் அழிந்தன, அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் பிழைத்தது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் மிதவையுயிர்களோடு வாழ்ந்தவை. நாட்டிலஸ் பெரிய முட்டைகளைச் சிலவாக இடுவது, அதன் குஞ்சு பிறக்கும்போதே கருவுணவோடும் பருமனோடும் வருவது. வெயில் மறைந்து மேற்பரப்பு மிதவையுயிர்கள் அற்றபோது முன்னது பட்டினியால் மாண்டது என்பது பலர் தரும் விளக்கம். இவ்விளக்கத்தில் இரிடியத்துக்கு இடமே இல்லை.

சமய வினா எழுவது இவ்விடத்தில். பேரழிவின் சுவட்டைக் கண்டதும் அழித்தவனின் நோக்கத்தைத் தேடுவது மிகப் பழைய வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் நிலவியலாளரும் கிறித்தவக் குருவுமான வில்லியம் பக்லண்ட், இங்கிலாந்தின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி எலும்புகளையும் அவற்றை மூடியிருந்த சேற்றையும் ஆராய்ந்து, அச்சேறு நோவாவின் பிரளயத்துக்குச் சான்று என்று 1823இல் எழுதினார். எலும்புகளைப் பற்றி அவர் கூறியவை இன்றும் மதிக்கப்படும் கூரிய ஆய்வு. சேற்றைப் பற்றிக் கூறியதை அவரே 1836இல் கைவிட்டார். அவர் தவறியது பக்தியால் அன்று. பிரளயம் விட்ட சேற்றுக்கும் வேறு நீர் விட்ட சேற்றுக்கும் வேறுபாடு காட்டும் அடையாளம் எதையும் சேற்றிடம் கேட்காமலே தீர்ப்பை எழுதியதால் தவறினார். ஆல்வரஸ் குழுவினர் புளூட்டோனியத்தைத் தேடியது போல் அவர் எதையும் தேடவில்லை.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் செய்வதும் விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் அனுமானமே. உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது; ஆதலால் அதற்கு ஒரு வினைமுதல் உண்டு; ஒடுக்குபவன் எவனோ அவனிடமிருந்தே அது மீளத் தோன்றும் என்பது அதன் கருத்து. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், அழித்தல் என்பது உயிர்களின் இளைப்பை ஆற்றும் அருட்செயல் என்கிறார். இவ்வனுமானத்தைக் குப்பியோக் களிமண் வலுப்படுத்துமா, குலைக்குமா என்று கேட்டால், இரண்டும் இல்லை என்றே சொல்ல வேண்டும். மெய்கண்டாரின் ஏது ‘தோன்றி ஒடுங்குதல்’ என்னும் பொதுவியல்பு. ஒடுக்கியது விண்கல்லா எரிமலையா என்பதில் அது எதையும் பந்தயமாக வைக்கவில்லை. அருளால் விழுந்த சிறுகோளும் அருளின்றி விழுந்த சிறுகோளும் ஒரே அளவு இரிடியத்தைத்தான் விட்டுச் செல்லும். நோக்கம் பாறையில் தனிச் சுவடு எதையும் பதிப்பதில்லை. ஆகவே களிமண்ணைக் காட்டி இறைவனை நிறுவ முயல்பவரும், அதையே காட்டி உலகில் நோக்கம் எதுவும் இல்லை என்று முடிப்பவரும், பக்லண்ட் சேற்றின் முன் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். இவருள் பின்னவர் தம்மை அறிவியலின் பிரதிநிதி என்று கருதிக்கொள்வது அவருடைய பிழையைச் சிறிதும் குறைப்பதில்லை.

காரணத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தாலும் நிலைமை மாறாது. சிக்சுலுப்பில் மோதிய சிறுகோளின் ருத்தேனிய ஐசோடோப்புகளை ஆராய்ந்த ஒரு குழு, அது வியாழனுக்கு அப்பால் உருவான கார்பன் மிகுந்த வகையைச் சார்ந்தது என்று 2024இல் அறிவித்தது. அது ஏன் தன் வழியை விட்டு விலகியது என்று கேட்டால் ஈர்ப்பு விசைகளின் கணக்கு வரும். அதற்கு அப்பால் இன்னொரு கணக்கு வரும். மணிமேகலையில் அறவண அடிகள் சார்பிற்றோற்றத்தை உபதேசிக்கும் பௌத்தத்துக்கு இத்தொடர்ச்சி எவ்விடையூறும் தராது. ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும், வினைமுதல் வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. சித்தாந்தியோ, தொடர் எவ்வளவு நீண்டாலும் அது முழுவதும் அறிவற்ற சடமே என்பதால் அறிவுடைய ஒருவனை வேண்டி நிற்கும் என்பார். இருவரும் ருத்தேனியத்தை ஏற்பர். இருவரையும் அது தீர்க்காது. அவர்கள் வாதம் வேறு அளவைகளால், வேறு களத்தில் நடக்க வேண்டியது.

எனினும் பாறை சமயக் கோட்பாட்டை முற்றிலும் தொடாமல் விட்டுவிடுவதுமில்லை. ஒடுக்கம் உயிர்களுக்கு ஓய்வு என்னும் விளக்கம் எல்லா உயிர்க்கும் ஒருங்கே நேரும் பேரொடுக்கத்தை எண்ணிச் சொன்னது. பாறை காட்டுவதோ பாதியில் நின்ற ஒடுக்கம்: ஃபொராமினிஃபெராவுள் பெரியவை போயின, சிறியவை நின்றன, டைனோசர்கள் போயின, அவற்றின் ஒரு கிளை பறந்து பிழைத்தது, முதலைகள் பிழைத்தன. யாருக்கு ஓய்வு தரப்பட்டது, யாருக்கு இல்லை என்பதற்கு உயிர்களின் வினைப்பயனைக் காரணமாகச் சொல்வது சித்தாந்தத்துக்குத் திறந்திருக்கும் வழிதான். ஆனால் இங்கே நோக்கம் எவ்விதச் சுவடும் விடாது என்று நழுவிவிட முடியாது. ஏனெனில் பிழைத்தவற்றையும் மாண்டவற்றையும் பிரித்த கோடு எங்கே விழுந்தது என்பது பாறையில் தெளிவாகப் பதிந்திருக்கிறது, அது உடலளவு, இருப்பிடம், உணவு என்னும் வெளிப்படையான வேறுபாடுகளை ஒட்டியே செல்கிறது. அம்மோனைட்டும் நாட்டிலஸும் ஒரே கடலில் வாழ்ந்தவை. ஒன்றின் வினை முதிர்ந்துவிட்டது, மற்றதன் வினை எஞ்சியிருந்தது என்று விளக்க முனைபவர், முட்டையின் பருமனையும் குஞ்சு மிதந்த ஆழத்தையும் அந்த வினைக் கணக்குக்குள் கொண்டுவந்து காட்டியாக வேண்டும்.